காலணா டிராக்டர்: தபால்தலைகளில் விவசாய இயந்திரங்கள்

"விவசாய இயந்திரங்கள் இருக்கிற நினைவுத் தபால்தலைகளை மட்டும் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். இந்தியாவில் என்ன கிடைக்கும், வெளிநாட்டில் எதைத் தேடுவது, கடைசியில் இது வெறும் டிராக்டர் பட ஆல்பமாக நின்றுவிடாதா?" என்பது கேள்வி. மூன்றாவது சந்தேகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வழிக்கு வந்துவிடும்.

நிற்காது. ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் ஒவ்வொரு ஸ்டாம்புக்குக் கீழும் இரண்டு ஆண்டுகளை எழுதி வையுங்கள். ஒன்று, அந்தத் தலை வெளியான ஆண்டு. இன்னொன்று, அதில் இருக்கிற இயந்திரம் அந்த நாட்டு வயல்களில் நிஜமாகவே பரவிய காலம். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். சில நாடுகளில் வயலுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே டிராக்டர் தபால்தலைக்கு வந்துவிட்டது. சில நாடுகளில் இயந்திரம் பழசாகி, அதை வைத்திருந்த பண்ணைகளே கலைந்த பிறகுதான் தபால்தலைக்கு வந்தது. அந்த இடைவெளியைப் படிப்பதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நினைவுத் தபால்தலை என்று கேட்கிறீர்கள். ஆனால் நம் நாட்டில் இந்தத் துறைக்கு ஆதாரமான ஸ்டாம்ப் நினைவு வெளியீடே அல்ல, அன்றாடம் கவுண்டரில் விற்ற சாதாரணத் தொடரைச் சேர்ந்தது. நினைவு வெளியீடு மட்டும் போதும் என்று இருந்தால் அதைத் தவறவிட்டுவிடுவீர்கள். 1955 ஜனவரி 26 அன்று ஐந்தாண்டுத் திட்டத் தொடர் என்று ஒரு வரிசை வந்தது. அதில் ஆகக் குறைந்த மதிப்பு மூன்று பை, அதாவது அன்றைய ஓரணாவில் கால் பங்கு, நம் பேச்சில் காலணா. அந்தக் காலணாவில்தான் டிராக்டர் ஏறியது. பளிச்சென்ற ஊதா நிறம். நாசிக்கில் உள்ள இந்தியா செக்யூரிட்டி பிரஸ், படத்தைச் சின்னச் சின்னக் குழிகளாக உருளையில் பதித்து அச்சிடும் போட்டோகிராவ்யூர் முறையில் அச்சிட்டது. காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நட்சத்திர நீர்க்குறி தெரியும்.

இந்தத் தொடரைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். காலணாவில் டிராக்டர். அரையணாவில் விசைத்தறி. முக்காலணாவில் மாடு கட்டி நீர் இறைக்கும் கிணறு. ஓரணாவில் தாமோதர் பள்ளத்தாக்கு அணை. இரண்டணாவில் நூல் நூற்கும் பெண், மூன்றணாவில் கைத்தறியில் நெய்யும் பெண், நான்கணாவில் காளைகள். மேலே போகப் போக சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை, பெங்களூர் விமானத் தொழிற்சாலை, ஐந்து ரூபாய்க்கு சிந்திரி உரத் தொழிற்சாலை, பத்து ரூபாய்க்கு உருக்காலை. அன்றைய அரசாங்கத்தின் மனசில் இருந்த முழு வரைபடமும் இதில் இருக்கிறது. விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம். டிராக்டருக்கும் காளைக்கும் அப்படியே. எதையும் கைவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நம்பிய காலம் அது. இதே தொடரில் ஒரு ரூபாய் இரண்டணாத் தலையில் கன்னியாகுமரி இருக்கிறது. அது வெளியான நாளில் கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த ஒரு தலைக்காகவே இந்தத் தொடரைத் தேடுவார்கள். நீங்கள் காலணாவுக்காகத் தேடுங்கள்.

இப்போது வயலுக்கு வருவோம். 1951ல் இந்தியா முழுவதும் இருந்த டிராக்டர்கள் எட்டாயிரத்துச் சொச்சம்தான், எல்லாமே இறக்குமதி. காலணாத் தலை வந்த 1955ல் இந்த நாட்டில் டிராக்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றுகூடக் கிடையாது. சுதந்திரத்தை ஒட்டி மத்திய டிராக்டர் நிறுவனம் என்று ஓர் அரசு அமைப்பு உருவானது. காடாக மண்டிக் கிடந்த நிலங்களையும், காஸ் என்கிற ஆழவேர்ப் புல் பிடித்துப்போன மத்திய இந்தியக் கரிசல் பூமியையும் உழுது மீட்பது அதன் வேலை. அந்தப் புல்லின் வேரை மாட்டு ஏர் தொடமுடியாது, கனமான டிராக்டர்தான் வேண்டும். 1949ல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த இரண்டாவது கடனே இதற்கான இயந்திரங்களை வாங்கத்தான், ஒரு கோடி டாலர். ஆக, 1955ல் டிராக்டர் என்பது சம்சாரியின் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி அல்ல. அரசாங்கம் தருவித்து, அரசாங்கம் ஓட்டிய வண்டி.

ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனத்தின் முதல் டிராக்டர் வெளிவந்தது 1959ல். சென்னையில் செம்பியத்தில் ஆலை வைத்திருக்கும் டாஃபே நிறுவனம் 1960ல் மாஸி ஃபெர்குஸன் என்ற வெளிநாட்டு டிராக்டர் கம்பெனியின் கூட்டோடு தொடங்கி, அடுத்த ஆண்டு உற்பத்திக்கு வந்தது. 1961-62ல் நாடு முழுவதும் உற்பத்தியான டிராக்டர்கள் 880தான். இன்று எண்ணிக்கையில் உலகிலேயே அதிக டிராக்டர் செய்யும் நாடு இந்தியா. அந்தப் பெருக்கம் தொடங்குவதற்கு முன்பே நம் காலணாத் தலை மறைந்துவிட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது, அணாக் கணக்கு போனது, இந்திய வரைபடம் போட்ட புதிய தொடர் கவுண்டருக்கு வந்தது. டிராக்டர் தலையின் ஆயுள் ஏறக்குறைய இரண்டே வருஷம்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடமே இருக்கிறது. 1968 ஜூலை 17 அன்று 'கோதுமைப் புரட்சி' என்று 20 பைசா நினைவுத் தபால்தலை வெளியானது. பிரதமர் இந்திரா காந்தி வெளியிட்டார். அதில் என்ன இருக்கிறது? கோதுமைக் கதிர்கள், டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டடம். இயந்திரம் எதுவும் இல்லை. அந்த வருஷம் பஞ்சாபில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது விசித்திரமாக இருக்கும். அதற்கு முன் நாடு கண்ட அதிகபட்சக் கோதுமை மகசூல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன். அது 1968ல் 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தொட்டது. வைக்க இடம் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே மூட்டைகளை அடுக்கினார்கள். மாட்டை விட்டு மிதிக்கவைத்துப் போரடித்தால் மழைக்கு முன் முடியாது என்கிற அளவு விளைச்சல். அதனால்தான் சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்த கதிரடிக்கும் இயந்திரங்கள் பரவின. ஆழ்துளைக் கிணறும் பம்ப்செட்டும் பரவின. அப்புறம் டிராக்டர். இயந்திரம் உண்மையாகவே வயலில் இறங்கிய தருணம் இதுதான், தபால்தலையிலோ அது இல்லை. 1955ன் ஊதாத் தலையையும் 1968ன் கோதுமைத் தலையையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். இந்தியப் பகுதிக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக்குத் துணையாக 1989ல் வந்த தொழிலதிபர் லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் தலையையும் சேர்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் முதலில் செய்து விற்கப் பார்த்த பொருள்களில் ஒன்று இரும்புக் கலப்பை. இரும்பு பட்டால் மண் கெட்டுவிடும் என்று விவசாயிகள் பயந்ததால் ஆரம்பத்தில் அது விலைபோகவில்லை. பின்னால் வந்த பம்ப், எஞ்சின் எல்லாவற்றுக்கும் அந்தக் கலப்பைதான் முன்னோடி. ஒரு மனிதருக்கான நினைவுத் தலை என்றாலும் நம் தலைப்பில் அதற்கு உரிமை உண்டு.

வெளிநாடுகளில் முதலில் பார்க்க வேண்டியது சோவியத் நாடு. டிராக்டரை அவ்வளவு தீவிரமாகத் தபால்தலையில் ஏற்றிய தேசம் வேறு இல்லை. 1929ல் தொழில்மயமாக்கலுக்கான பிரச்சாரத் தொகுதி ஒன்று வந்தது. அதில் ஒரு தலையில் தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளியேறும் டிராக்டர்கள். தேதியைக் கவனியுங்கள். ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை திறந்தது 1930 ஜூனில். அதாவது அந்தப் பெரிய ஆலையின் கதவு திறப்பதற்கு முன்பே ஸ்டாம்பில் டிராக்டர் வரிசை கட்டி நிற்கிறது. அதற்கு முன் அவர்கள் நம்பியிருந்தது அமெரிக்காவிலிருந்து இறக்கிய வண்டிகளையும், லெனின்கிராடில் ஃபோர்ட்ஸன் என்ற அமெரிக்க டிராக்டரைப் பார்த்துச் செய்த வண்டிகளையும்தான்.

அடுத்த நான்கு வருஷத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தலையைப் பார்ப்பது நியாயமாகாது. கூட்டுப் பண்ணைக்கு நிலத்தையும் கால்நடையையும் ஒப்படைக்க அரசு சொன்னபோது, விவசாயிகள் பலர் ஒப்படைப்பதைவிடத் தாங்களே அறுத்துவிடுவது மேல் என்று அறுத்தார்கள். தீவனம் இல்லாமலும் ஏராளமாகச் செத்தன. 1928க்கும் 1933க்கும் இடையில் சோவியத் நாட்டின் குதிரைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஏர் இழுத்தவை அந்தக் குதிரைகள்தான். புதிதாக வந்த டிராக்டர்களால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. தானியத்தையும் கெடுபிடியாகப் பிடுங்கினார்கள். 1932-33ல் உக்ரைனிலும் கஸாக்ஸ்தானிலும் லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டார்கள். தபால்தலையில் இருக்கும் புத்தம்புது டிராக்டருக்குக் கீழே நான் 'குதிரைகள்: பாதி' என்றுதான் குறித்து வைத்திருக்கிறேன். இயந்திரத்தை நேசிக்கிறவர்களும் அதை மறக்கக் கூடாது.

பிறகு 1954ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் கஸாக்ஸ்தான், சைபீரியாப் புல்வெளிகளை உழுது கோதுமை விதைக்கும் 'கன்னி நிலம்' இயக்கம் தொடங்கியது. அதை ஒட்டியும் அதன் ஆண்டு நிறைவுகளுக்கும் சோவியத் தபால்துறை டிராக்டர், கம்பைன் அறுவடை இயந்திரம் என்று அடுக்கடுக்காக வெளியிட்டது. இவை மலிவு, கண்ணுக்கும் நன்றாக இருக்கும். ஆரம்பிக்கிறவருக்கு ஒரு முழுப் பக்கம் நிறைந்துவிடும்.

சீனாவிலிருந்து 1975ன் விவசாய இயந்திரமயத் தொகுதியைத் தேடுங்கள். ஐந்து தலைகள். உழவு, நாற்று நடவு, அறுவடை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இயந்திரம். நாற்று நடும் இயந்திரத்தை 1975லேயே தபால்தலையில் பார்ப்பது நெல் விளைவிக்கும் நாட்டுக்காரர்களான நமக்குத் தனி சந்தோஷம். ஆனால் இதுவும் நடந்ததைச் சொல்லும் தலை அல்ல, நடக்க வேண்டியதைச் சொல்லும் தலை. 1980க்குள் விவசாயத்தை அடிப்படையில் இயந்திரமயமாக்கிவிடுவது என்பது அன்றைய சீனத் தலைமையின் இலக்கு. 1978க்குப் பிறகு கம்யூன்கள் என்கிற கூட்டுப் பண்ணைகள் கலைந்து நிலம் குடும்பங்களின் கைக்குத் துண்டு துண்டாகப் போனபோது அந்த இலக்கே மாறிவிட்டது. கொஞ்சம் விலகிச் சொல்கிறேன்: சீனாவின் 1960 ஆண்டு பொறித்த ஒரு யுவான் நோட்டில் டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் இருப்பார். நாட்டின் முதல் பெண் டிராக்டர் ஓட்டுநராக அறியப்பட்ட லியாங் ஜுன்தான் அந்தப் படத்துக்கு முன்மாதிரி என்பார்கள். நோட்டு தபால்தலைச் சேகரிப்பில் சேராது. ஆனாலும் இந்தத் தொகுதிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

கிழக்கு ஜெர்மனி 1977ல் நவீன விவசாய இயந்திரங்கள் என்றே ஒரு தொகுதி போட்டது. அங்கே அப்போது பெரிய கூட்டுறவுப் பண்ணைகளில் அந்த மாதிரி இயந்திரங்கள் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. நான் சொன்ன இரண்டு ஆண்டுகளும் பொருந்துகிற அபூர்வமான இடம் இது.

அமெரிக்காவுக்குப் போனால் கதை திரும்பிவிடும். 1898 ஜூன் 17 அன்று, ஒமாஹா நகரில் நடந்த ட்ரான்ஸ்-மிஸிசிப்பி கண்காட்சிக்காக ஒன்பது தலைகள் வெளியாகின. அதன் இரண்டு சென்ட் தலை 'மேற்கில் விவசாயம்'. வடக்கு டக்கோட்டாவில் அமீனியா என்ற ஊரில் இருந்த மாபெரும் கோதுமைப் பண்ணை, கண்ணுக்கு எட்டியவரை ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரை பூட்டிய கலப்பைகள். 1888ல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து அச்சுத் தகட்டில் செதுக்கியது. உயிரோடு இருக்கிறவர்களைத் தபால்தலையில் போடுவதில்லை என்பது அமெரிக்க வழக்கம். ஆனால் புகைப்படத்தை அப்படியே செதுக்கியதால், முன்னால் நிற்கும் உழவர்களை ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். பெரும்பாலும் ஜனாதிபதிகளும் தளபதிகளும் இடம்பிடித்த ஒரு துண்டுக் காகிதத்தில், கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இடம்பிடித்துவிட்டார்கள். எனக்கு இந்த உலகில் ஆகப் பிடித்த விவசாயத் தபால்தலை இதுதான்.

இதன் பின்னணியும் சுவையானது. முதலில் இதை இரண்டு டாலர் தலையாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். செயின்ட் லூயிஸில் மிஸிசிப்பி ஆற்றின் குறுக்கே போன பாலம்தான் இரண்டு சென்ட்டாக இருந்தது. பிறகு இரண்டையும் மாற்றிவிட்டார்கள். சாதாரணக் கடிதத்துக்கு இரண்டு சென்ட் என்பதால், அந்த உழவர்கள் நாடு முழுக்க வீடு வீடாகப் போனார்கள். இரண்டு வண்ணத்தில் அச்சிடும் யோசனையும் இருந்தது. ஸ்பெயினோடு யுத்தம் வந்து, அச்சகத்துக்கு வருவாய் முத்திரை (ரெவின்யூ ஸ்டாம்ப்) வேலை குவிந்ததால் ஒரே வண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நூற்றாண்டு நிறைவுக்கு 1998ல் மறுபடி வெளியிட்டபோது பழைய திட்டப்படியே இரண்டு வண்ணத்தில், உழவை இரண்டு டாலராக, பாலத்தை இரண்டு சென்ட்டாக அச்சிட்டார்கள். அசல் 1898 தலையின் நல்ல பிரதிக்குக் கொஞ்சம் செலவாகும். 1998 மறுவெளியீடு எளிதாகக் கிடைக்கும், அதிலிருந்து தொடங்கலாம். ஒன்பதிலும் பேர்போனது ஒரு டாலர் தலை, 'புயலில் மேற்கத்திய மாடுகள்'. அதற்கு மூலமான ஓவியத்தில் இருப்பது உண்மையில் ஸ்காட்லாந்து மாடுகள்.

அமீனியா மாதிரியான ராட்சதப் பண்ணைகள் ரயில்வே கம்பெனி நிலங்களில் 1870களில் எழும்பியவை. 1890களில் வறட்சியும் விலைச் சரிவும் சேர்ந்து அவற்றில் பலவற்றை உடைத்து விற்கவைத்தன. ஆக 1898ல் தபால்தலையில் ஏறியது, மங்கத் தொடங்கிவிட்ட ஒரு காலத்தின் பத்து வருஷத்துக்கு முந்தைய படம்.

1940 அக்டோபர் 14 அன்று வெளியான சைரஸ் மெக்கார்மிக் மூன்று சென்ட் தலையையும் எடுத்து வையுங்கள். கதிர் அறுக்கும் இயந்திரத்தை 1831ல் வர்ஜீனியாவில் ஓட்டிக்காட்டி, 1834ல் காப்புரிமை வாங்கி, 1847ல் சிகாகோவுக்குப் போய்ப் பெரிய தொழிற்சாலை வைத்தவர். தலையில் இருப்பது அவர் முகம் மட்டுமே, இயந்திரம் இல்லை. அந்த இயந்திரத்தை உருவாக்குவதில் மெக்கார்மிக் குடும்பத்துக்கு அடிமையாக இருந்த ஜோ ஆண்டர்ஸன் என்பவர் கூடவே உழைத்தார். மெக்கார்மிக்குக்கு முன்பே 1833ல் ஓபெட் ஹஸி என்பவரும் இதேபோன்ற இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒரு முகத்தை மட்டும் போட்டால் மற்ற கைகள் மறைந்துபோகும். ஆல்பத்தில் கீழே எழுதும் குறிப்பில் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்.

கனடா 1946ல் வெளியிட்ட 'சமாதான' வரிசையில் 20 சென்ட் தலை டிராக்டரும் கம்பைனும் அறுவடை செய்வது. செதுக்கு வேலை அற்புதம், வேறு விளக்கம் தேவையில்லை. வாங்கிவிடுங்கள்.

1963 ஒரு முக்கியமான வருஷம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பசி ஒழிப்பு இயக்கத்துக்காக மார்ச் 21ஐ மையமாக வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் ஸ்டாம்ப் வெளியிட்டன. இதில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். பிரிட்டிஷ் காலனிகள் பலவும் ஒரே வடிவமைப்பைத்தான் போட்டன, அதில் புரத உணவுகள்தான் இருக்கும். அமெரிக்கா கோதுமைக் கதிரைப் போட்டது. இந்தியாவின் 15 நயா பைசாவில் அமைப்பின் சின்னத்தை நோக்கி நீளும் கைகள். இயந்திரத்தைப் போட்டவற்றில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளும் உண்டு. தபால்தலைக் கேட்டலாகில் 1963ஐத் திறந்து, 'டிராக்டர்' என்று விவரம் போட்டவற்றை மட்டும் பொறுக்கினால் போதும். நம் 1955 காலணாவில் இருந்த அதே ஏக்கம் அவற்றிலும் இருக்கும்.

பிரிட்டன் 1999 செப்டம்பரில், ஆயிரமாண்டு நிறைவு வரிசையில் உழவர்களுக்கென நான்கு தலைகள் வெளியிட்டது. 26 பென்ஸ் தலையில் குதிரை இழுக்கும் விதைக்கும் கருவி. ஜெத்ரோ டல் 1701ல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் கருவியின் வழியில் வந்தது. கிறிஸ் வார்மெல் வரைந்தார். 64 பென்ஸ் தலையில் ஒரு கம்பைனை வானத்திலிருந்து பார்க்கிறோம். செயற்கைக்கோள் வழிகாட்டும் விவசாயம் என்பது அதன் கருத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முந்நூறு வருஷம் ஒரே பார்வையில் வரும்.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1790களில் தென்னிந்தியாவில் இருந்த தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேயக் கேப்டன், இங்குள்ள விவசாயிகள் மாடு பூட்டிய கருவியால் வரிசையாக விதைப்பதைப் பார்த்து வியந்து லண்டனுக்கு எழுதினார். வரிசை விதைப்புக் கருவி அண்மைக்கால ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்ததாகவும் சொல்கிறார். மரத்தாலும் மூங்கில் குழாயாலும் ஆன அந்தக் கருவி டல்லின் இயந்திரத்துக்குச் சற்றும் சளைத்தது அல்ல. பிரிட்டிஷ் தலைக்குப் பக்கத்தில் இதை ஒரு குறிப்பாக எழுதிவைப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு சின்னத் தலை. 1987 பிப்ரவரி 6ல் அமெரிக்கா சுருள் ஸ்டாம்பாக வெளியிட்ட 'டிராக்டர், 1920கள்'. மதிப்பு 7.1 சென்ட். இந்தப் பின்னக் கணக்குக்குக் காரணம், லாப நோக்கமற்ற அமைப்புகள் மொத்தமாக அனுப்பும் தபாலுக்கு ஒரு உருப்படிக்கு அவ்வளவுதான் கட்டணம். பல பிரதிகளில் முன்கூட்டியே ரத்து வாசகம் அச்சாகியிருக்கும். அந்த நேரத்தில் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். நிலமும் இயந்திரமும் ஏலத்துக்குப் போயின. 1985ல் அவர்களுக்கு நிதி திரட்ட ஃபார்ம் எய்ட் என்று பெரிய இசை நிகழ்ச்சியே நடந்தது. அப்படிப்பட்ட நாளில் தபால்துறை காட்டியது அறுபது வருஷத்துக்கு முந்தைய டிராக்டரை. நம் காலணா வரப்போவதைக் காட்டியது, இது போய்விட்டதைக் காட்டியது. இரண்டுமே குறைந்த மதிப்புத் தலைகளாக இருப்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

சரி, எப்படிச் சேர்ப்பது? பழைய கிழக்கு ஐரோப்பிய, சோவியத் தலைகளில் பெரும்பாலானவை மூலையில் அழகாக முத்திரை விழுந்து, பின்னால் பசை அப்படியே இருக்கும். அவை கடிதத்தில் போனவை அல்ல. சேகரிப்பாளர்களுக்கு மலிவாக விற்க அச்சகத்திலேயே முத்திரை குத்தியவை. படத்துக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், அதிக விலை மட்டும் கொடுக்காதீர்கள். தபாலில் போன பிரதி கிடைத்தால் அது வேறு மதிப்பு.

போலிகளிடம் எச்சரிக்கை வேண்டும். டிராக்டர் படங்கள் போட்ட பளபளப்பான சின்ன ஷீட்டுகள், ரஷ்யக் கூட்டாட்சியின் குடியரசுகள் பெயரிலும் சில ஆப்பிரிக்க நாடுகள் பெயரிலும் இணையத்தில் நிறைய விற்கும். அவற்றில் பல அந்தந்தத் தபால்துறை வெளியிட்டதே இல்லை. 2002க்குப் பிந்தைய வெளியீடு என்றால் உலகத் தபால் ஒன்றியத்தின் எண் பட்டியலில் தேடிப் பாருங்கள். அதில் எல்லா நாடுகளும் சேரவில்லை என்றாலும், முதல் சோதனைக்கு அது உதவும். பழையதற்கு ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக். அதில் இல்லாததை வாங்காதீர்கள்.

இந்திய நினைவுத் தலைகளுக்குத் தபால்துறை விவரக் குறிப்புத் தாள் ஒன்றும் வெளியிடும். கோதுமைப் புரட்சிக்கும் கிர்லோஸ்கருக்கும் தலையைவிட அந்தத் தாளைத் தேடுவது கஷ்டம், ஆனால் ஆல்பத்துக்கு அதுதான் கனம் தரும். சென்னையில் அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் தபால்தலைச் சேகரிப்பு மையம் இருக்கிறது, புதிய வெளியீடுகளுக்கு அங்கே கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழையவற்றுக்கு 1956லிருந்து இயங்கும் தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்போர் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போங்கள். அங்கே வருகிற பெரியவர்களிடம் கேட்டால் காலணா டிராக்டர் டப்பாவில் எங்காவது கிடக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பசையுள்ள தலைகள் ஆல்பத்தாளோடு ஒட்டிப்போகும். மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், இடுக்கி இல்லாமல் தொடாதீர்கள்.

முதலில் எதை வாங்குவது என்றால், 1955ன் காலணா டிராக்டர், முக்காலணாக் கிணறு, நான்கணாக் காளை மூன்றையும் உபயோகித்த பிரதிகளாக வாங்குங்கள். செலவு பெரிதாக இருக்காது. அதன்பின் டிராக்டர் தலை ஒட்டிய உறை ஒன்றைத் தேடத் தொடங்குங்கள். அன்று சாதாரணக் கடிதத்துக்கு இரண்டணா என்பதால், காலணாத் தலை தனியாக வேலை செய்தது குறைவு. கட்டணத்தை நிரப்ப மற்ற தலைகளுக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருப்பார்கள். ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்த, 1955 ஜனவரிக்கும் 1957 மார்ச்சுக்கும் இடைப்பட்ட கிராமத் தபால் நிலைய முத்திரையோடு கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள்.